வாசலைத் தாண்டிப் போகும் வீடுகள்

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி போகிற பஸ்ஸில் ஏறி, ஜன்னல் ஓரமாக ஒரு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தால் எங்கள் கீழ்பென்னாத்தூர் வந்துவிடும். பேரூராட்சி, தாலுகாவின் தலைமையிடம் என்றெல்லாம் பெயர் இருந்தாலும், பழக்க வழக்கத்தில் இன்னும் கிராமம்தான். கிருஷ்ணகிரியிலிருந்து திண்டிவனம் வரை போகிற தேசிய நெடுஞ்சாலை எங்களைத் தொட்டுக்கொண்டு போகிறது. முன்பு அதற்கு 66-ம் நம்பர், இப்போது 77. பெங்களூரிலிருந்து புதுச்சேரிக்குப் போகிறவர்களுக்கு நாங்கள் சாலையோரத்தில் ஒரு பெயர்ப்பலகை, அவ்வளவுதான். டீ குடிக்கக்கூட எல்லோரும் இறங்குவதில்லை.

ஆனால் மாதத்தில் இரண்டு முறை எங்கள் சாலைக்கு வாழ்வு வந்துவிடும். பௌர்ணமி வந்தால் கிரிவலத்துக்குத் திருவண்ணாமலை. அமாவாசை வந்தால் ஊஞ்சல் உற்சவத்துக்கு மேல்மலையனூர் அங்காளம்மன். இரண்டுக்கும் நடுவில் நாங்கள்! காலண்டரைப் பார்க்காமலே, ராத்திரி எத்தனை வண்டி போகிறது என்பதை வைத்து என் மாமியார் திதி சொல்லிவிடுவார். கார்த்திகை தீபம் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். பத்து நாளும் சாலை தூங்காது. மகாதீபத்தன்று மொட்டை மாடியில் நின்று மலை உச்சியில் ஜோதியைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுக் கீழே குனிந்தால், சாலையில் இன்னொரு தீப வரிசை. எல்லாம் வண்டிகளின் விளக்குகள்.

இந்த வண்டிகளில் எனக்குப் பிடித்தவை வேன்கள்தான். ஆந்திரா, தெலங்கானா, கர்நாடகாவிலிருந்து வருகிற வேன்களைப் பார்த்திருப்பீர்களே! மேலே தார்ப்பாய் போர்த்திய மூட்டைகள், பின்னால் ஒரு அண்டா, உள்ளே மூன்று தலைமுறை. பாட்டி, மருமகள், கைக்குழந்தை, சமையலுக்கென்று கூட்டி வந்த ஒரு ஆள். புளியமரத்து நிழல் கிடைத்தால் போதும், நிறுத்திவிடுவார்கள். ஜமக்காளம் விரியும், அடுப்பு எரியும், ஒரு மணி நேரத்தில் புளியோதரையோ, பருப்புச் சாதமோ வாசனை வரும். ஈரத் துணிகளை வேனுக்கும் மரத்துக்கும் நடுவே கயிறு கட்டிக் காய வைத்துவிடுவார்கள். அங்கேயே தலை பின்னிக்கொள்வதும் உண்டு. ஒரு வீட்டையே தூக்கிக்கொண்டு வந்து வழியில் இறக்கி வைத்த மாதிரி இருக்கும்.

வெளிநாட்டுக்காரர்கள் இதற்கென்றே 'கேம்பர் வேன்' என்று ஒரு வண்டி வைத்திருக்கிறார்கள். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, சிலவற்றில் கழிப்பறைகூட உண்டு. நம் ஊரில் சினிமா நடிகர்களுக்கு நிறுத்தி வைக்கிறார்களே 'கேரவன்', அதற்குச் சின்ன அண்ணன் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஜெர்மனியின் ஃபோக்ஸ்வேகன் கம்பெனி 1950-ல் ஒரு வேனைத் தயாரிக்க ஆரம்பித்தது. அதற்குள்ளேயே படுக்கையும் அலமாரியும் பொருத்திக்கொண்டு, அறுபதுகளிலும் எழுபதுகளிலும் ஐரோப்பிய இளைஞர்கள் துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக இந்தியா வரை தரை மார்க்கமாகவே வந்தார்கள். 1979-ல் ஈரானில் புரட்சியும் ஆப்கானிஸ்தானில் ரஷ்யப் படையெடுப்பும் நடந்த பிறகு அந்த வழி அடைபட்டுப் போயிற்று. இப்போது நம் பக்கத்திலேயே ஆசை வந்திருக்கிறது. கேரள அரசு 2021-ல் கேரவன் சுற்றுலாவுக்கென்று திட்டம் கொண்டு வந்தது. 2022-ல் வாகமண் மலையில் அந்த வண்டிகள் தங்குவதற்கென்றே ஒரு பூங்காவும் திறந்தார்கள். வேனை வாங்கி, படுக்கை அடித்து, குழந்தை குட்டியோடு கிளம்பிவிடுகிற இளம் தம்பதிகளை எங்கள் சாலையிலும் ஒன்றிரண்டாகப் பார்க்க முடிகிறது.

எனக்கென்னவோ இதில் புதுமை ஒன்றும் தெரியவில்லை. எங்கள் பாட்டி காலத்தில் தீபத்துக்குக் கூண்டு வண்டி கட்டிக்கொண்டுதான் போவார்களாம். அரிசி, பருப்பு, புளி, வெண்கலப் பானை, மாட்டுக்கு வைக்கோல், எல்லாம் வண்டியிலேயே. தீபத்தோடு சேர்ந்து மாட்டுச் சந்தையும் கூடும் என்பதால் ஆண்களுக்கு இரட்டை வேலை. சாவடியில் அவிழ்த்து விட்டு, சமைத்துச் சாப்பிட்டு, வண்டிக்கு அடியிலேயே படுத்துத் தூங்கி எழுந்து போவார்கள். ராத்திரியில் வண்டி ஓட்டினால் அச்சுக்குக் கீழே ஒரு அரிக்கேன் விளக்கு ஆடிக்கொண்டே போகும். பின்னால் வருகிறவனுக்குத் தெரியட்டும் என்றுதான். எதிரே வண்டி வந்தால் யார் மாட்டை ஒதுக்குவது என்பதற்கும் ஒரு முறை உண்டாம். பாரம் ஏற்றின வண்டி நடு வழியில் போகும், காலி வண்டிதான் மண்ணில் இறங்க வேண்டும். இதை யார் சட்டம் போட்டுச் சொன்னார்கள்?

இப்போது மாட்டுக்குப் பதில் எஞ்சின். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி ஒரு நொடியில் சுமார் 17 மீட்டர் ஓடிவிடுகிறது. 80-ல் போனால் 22 மீட்டர். ஓட்டுகிறவர் ஆபத்தைக் கண்ணால் பார்த்து, காலை பிரேக்குக்குக் கொண்டு போவதற்கே ஏறக்குறைய ஒரு நொடி ஆகிவிடுமாம். எங்கள் தெருவில் 22 மீட்டர் என்றால் நான்கு வீட்டு வாசல். ஒரு வாசலில் கோலம், ஒரு வாசலில் கட்டிப்போட்ட கன்றுக்குட்டி, ஒரு வாசலில் தவழுகிற குழந்தை, ஒரு வாசலில் காது கேட்காத தாத்தா. இந்த நான்கையும் தாண்டின பிறகுதான் பிரேக்கே பிடிக்க ஆரம்பிக்கும். அதற்கப்புறம் வண்டி நிற்க எவ்வளவு தூரமோ!

நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு இது புரிய வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு சொல்கிறேன். அவர்களுக்கு அது ரோடு. எங்களுக்கோ அது வாசல், சில வீடுகளுக்கு முற்றம், சில சமயம் களத்துமேடு. காரிலோ வேனிலோ கிராமத்துக்குள் நுழைகிறவர்கள், யாரோ ஒருவர் வீட்டு நடையைத் தாண்டிப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டால், கால் தானாகவே ஆக்ஸிலேட்டரை விட்டு எழுந்துவிடும்.

களத்துமேடு என்றேனே, அங்கேதான் எங்கள் பக்கத்துத் தப்பு இருக்கிறது. அதையும் சொல்லிவிட வேண்டியதுதான். தை, மாசி வந்தால் நெல். அப்புறம் மல்லாட்டை, கேழ்வரகு, உளுந்து. அறுத்துக் கொண்டுவந்து எங்கே கொட்டுகிறார்கள்? தார் ரோட்டில்! நன்றாகச் சூடேறும், சீக்கிரம் காயும், போகிற வண்டிகளே மிதித்துப் பயிரடித்தும் கொடுத்துவிடும். கூலி மிச்சம். பாதி ரோட்டை வளைத்துக்கொண்டு, வண்டி ஏறாமல் இருக்க ஓரத்தில் வரிசையாகப் பாறாங்கல்லை வைத்துவிடுவார்கள். சாயங்காலம் தானியத்தை வாரிக்கொண்டு போவார்கள், கல்லை மட்டும் விட்டுவிட்டுப் போவார்கள். இருட்டில் வருகிற மோட்டார் சைக்கிள்காரனுக்கு அந்தக் கல் எமன். நொறுங்கின தாளில் சக்கரம் ஏறினாலும் வழுக்கும். போதாததற்கு, அவரவர் வீட்டுக்கு எதிரில் அவரவரே மண்ணைக் குழைத்துப் போட்டுக்கொள்ளும் வேகத்தடை வேறு. அதற்கு வெள்ளைக் கோடு கிடையாது, பலகை கிடையாது. கரும்பு ஏற்றிய டிராக்டரின் பின்னால் சிவப்பு விளக்கும் கிடையாது. அந்தக் காலத்து மாட்டு வண்டிக்காவது அரிக்கேன் இருந்தது!

களம் போதவில்லை, அரசாங்கம் கட்டிக்கொடுத்தால் ரோட்டுக்கு ஏன் வருகிறோம் என்று கேட்கிறார்கள். அதுவும் நியாயம்தான். எங்களுக்குச் சொந்தமாகக் களம் இருக்கிறது, அதனால்தான் எனக்கு இப்படிப் பேச வருகிறது என்று என் ஓரகத்தி குத்திக் காட்டுவாள். குத்தட்டும். கல்லை எடுத்துப் போடுவதற்குக் களம் எதற்கு?

எங்கள் தெருவில் ஒரு பையன். எட்டாவது படிக்கிறான். விடியற்காலையில் சைக்கிளில் பால் கேனை மாட்டிக்கொண்டு பால் சொசைட்டிக்குப் போவான். சென்ற வருஷம் ஒரு அமாவாசைக்கு மறுநாள், மேல்மலையனூரிலிருந்து ராத்திரி முழுக்கக் கண் விழித்துவிட்டுத் திரும்பிய ஒரு வெளியூர் வேன், முன்னால் போன டிராக்டரை முந்திக்கொண்டு இவன் எதிரில் வந்துவிட்டது. பையன் பயந்து போய் சைக்கிளை மண்ணில் இறக்கினான். வேன் அவனைத் தொடக்கூட இல்லை. ஆனால் மண்ணில் முதல் நாள் யாரோ நெல்லுக்கு அணையாக வைத்த கல் கிடந்தது. சைக்கிள் அதில் மோதி, பையன் தூக்கி எறியப்பட்டு, வலது காலில் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துவிட்டது.

சத்தம் கேட்டு நாங்கள் எல்லோரும் ஓடினோம். அதற்குள் கூட்டம் கூடி, டிரைவரின் சட்டையைப் பிடித்தாகிவிட்டது. "அடிடா அவனை" என்று நாலு பேர். பையனைப் பார்க்க ஆளில்லை. அப்போது வேனிலிருந்து ஒரு பெரியம்மாள் இறங்கி வந்தார். அறுபது வயது இருக்கும், கன்னடம்தான் பேசினார். யாரையும் கெஞ்சவில்லை, சண்டையும் போடவில்லை. நேரே பையனிடம் போய்த் தரையில் உட்கார்ந்தார். அவனைத் தூக்கப் போனவர்களைக் கையால் தடுத்தார். வேனிலிருந்த கோரைப் பாயைக் கொண்டுவரச் சொல்லி, அதைச் சுருட்டிக் காலைச் சுற்றி வைத்து, இரண்டு துண்டால் மேலேயும் கீழேயும் கட்டினார், முறிந்த இடத்தின் மேல் கட்டாமல். 108 வருகிற வரையில் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு "மகனே, மகனே" என்று தடவிக்கொண்டே இருந்தார். பையனின் அம்மா தலைவிரி கோலமாக ஓடி வந்தவள், இவரைப் பார்த்ததும் கத்த வாயெடுத்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் காலைச் சரி செய்து மாவுக்கட்டுப் போட்டார்கள். மூன்று மாதம் பள்ளிக்கூடம் போகவில்லை. இப்போது நடக்கிறான், ஓடும்போது மட்டும் கொஞ்சம் இழுக்கிறது. பால் கேனை அவன் அம்மா நடந்தே கொண்டு போகிறாள்.

இந்த இடத்தில் தாய்மார்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இரண்டு விஷயங்கள். தமிழ்நாட்டில் சாலை விபத்தில் அடிபட்டவர் யாராக இருந்தாலும், எந்த மாநிலத்தவரானாலும், முதல் 48 மணி நேர அவசர சிகிச்சைக்கு அரசாங்கமே செலவை ஏற்கும் திட்டம் 2021 டிசம்பரில் ஆரம்பிக்கப்பட்டது. 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' என்று பெயர். இதற்கென்று சேர்க்கப்பட்டிருக்கும் அரசு, தனியார் ஆஸ்பத்திரிகளில் கிடைக்கும். கையில் பணமில்லையே என்று வீட்டில் வைத்துக்கொண்டு எண்ணெய் தடவ வேண்டியதில்லை. இன்னொன்று, அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு போனால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டுமே என்ற பயம். 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது, நல்ல எண்ணத்தோடு உதவி செய்கிறவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுத்துவிட்டார்கள். பெயரைச் சொல்லும்படிகூட அவர்களைக் கட்டாயப்படுத்த முடியாது.

டிரைவரின் சட்டையைப் பிடித்தார்கள் என்றேன். அவன் ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை என்பதை யாரும் யோசிக்கவில்லை. 2023 அக்டோபர் 15-ந் தேதி காலை, எங்கள் ஜில்லாவில் செங்கம் பக்கத்தில், மேல்மலையனூர் போய்விட்டு பெங்களூர் திரும்பிக்கொண்டிருந்த கார் ஒன்று லாரியோடு மோதி ஏழு பேர் இறந்தார்கள். பத்து நாள் ஆவதற்குள் அதே செங்கம் பக்கத்தில் பஸ்ஸும் காரும் மோதி இன்னும் ஏழு பேர். பேப்பரில் படித்துவிட்டு அன்றைக்கு எங்கள் வீட்டில் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

குடும்பத்தோடு வேனில் புறப்படும்போது, எத்தனை இட்லி, எத்தனை புளிசாதம் பொட்டலம் என்று பெண்கள் நாம் கணக்குப் போடுகிறோம். டிரைவருக்கு எத்தனை மணி நேரத் தூக்கம் என்று யாராவது கணக்குப் போடுகிறோமா? நாம் கோயிலுக்குள் போய்விடுவோம், அவர் வண்டியில் கொசுக்கடியில் உட்கார்ந்திருப்பார். ராத்திரி 2 மணியிலிருந்து விடியும் வரைக்கும்தான் மனிதனுக்குத் தூக்கம் கண்ணைச் சொக்கும். மத்தியானம் வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு இன்னொரு தடவை சொக்கும். தரிசனம் முடிந்ததும் "இப்பவே கிளம்பினா காலையில வீட்டுக்குப் போயிடலாம்" என்று ஆண்கள் அவசரப்படுத்துவார்கள். நாம்தான் பிடிவாதம் பிடிக்க வேண்டும். நாலு மணி நேரம் அவர் காலை நீட்டிப் படுத்துவிட்டு வரட்டும் என்று சொன்னால், சாமி கோபித்துக்கொள்ளாது. குழந்தைக்குப் பால் கரைக்கிற நேரத்தில் அவருக்கும் ஒரு டம்ளர் காப்பி கொடுக்கலாம். ஆனால் காப்பி தூக்கத்துக்கு ஈடு ஆகாது, ஞாபகமிருக்கட்டும்.

வண்டிக்குள்ளே அடுப்பு வைத்திருப்பவர்களிடம் இன்னும் கண்டிப்பாகப் பேச வேண்டும். 2023 ஆகஸ்ட் 26-ந் தேதி விடியற்காலை, மதுரை ரயில் நிலையத்தில் நிறுத்தி வைத்திருந்த ஒரு சுற்றுலாப் பெட்டியில் தீப்பிடித்து, லக்னோவிலிருந்து யாத்திரை வந்தவர்கள் ஒன்பது பேர் கருகிப் போனார்கள். உள்ளே கேஸ் சிலிண்டரை ஒளித்துக் கொண்டுவந்து டீ போட்டிருக்கிறார்கள். வேனிலும் அதே கதைதான் நடக்கும். சமைப்பதானால் சிலிண்டரையும் அடுப்பையும் கீழே இறக்கி, வண்டியைவிட்டுத் தள்ளி, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். வைக்கோல் போருக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம்! எங்கள் ஊர்க்காரர்கள் வந்து சண்டை போடுவது அதற்குத்தான், உங்கள் மேல் பொறாமையால் இல்லை.

தூங்குகிற கேரவன்களுக்கு வேறொரு ஆபத்து. 2024 டிசம்பரில் கேரளாவில் வடகரை என்ற ஊரில், சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஏ.சி.க்காக ஜெனரேட்டரை ஓட விட்டுத் தூங்கியிருக்கிறார்கள். அதிலிருந்து வந்த கார்பன் மோனாக்ஸைடு என்ற விஷவாயு உள்ளே புகுந்துவிட்டது. இந்த வாயுவுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. தலைவலி, மயக்கம் என்று ஆரம்பித்து, எழுந்திருக்கத் திராணி இல்லாமல் போய்விடும். குழந்தைகளை ஏ.சி. போட்ட வண்டியில் தூங்க வைத்துவிட்டு, எஞ்சினை ஓட விட்டுவிட்டுக் கோயிலுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் இதை ஒரு தரத்துக்கு இரண்டு தரம் படியுங்கள். ஜன்னலை இரண்டு பக்கமும் கொஞ்சம் திறந்துவைத்து, கொசுவலை கட்டிக்கொண்டு தூங்கினாலே போதும். எங்கள் ஊர்க் காற்று அப்படியொன்றும் மோசமில்லை.

மற்ற தேசங்களில் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று என் தங்கை மகனைக் கேட்டேன். லண்டன் பக்கம் வேலையில் இருக்கிறான். ஸ்காட்லாந்தின் வடகோடியில் கடற்கரையை ஒட்டி ஒரு சுற்றுப் பாதை இருக்கிறதாம். 2015-ல் அதற்கு 'நார்த் கோஸ்ட் 500' என்று பெயர் வைத்து விளம்பரம் செய்தார்கள். ஐந்நூறு மைலுக்குச் சற்று மேல். அவ்வளவுதான், கேம்பர் வேன்கள் படையெடுத்துவிட்டன. அங்கே பல இடத்தில் பாதை ஒரு வண்டி போகிற அகலம்தான். அதனால் இடையிடையே ஒதுங்குவதற்கென்று கொஞ்சம் அகலமாக விட்டிருக்கிறார்கள். எதிரே வண்டி வந்தால் மட்டுமல்ல, பின்னால் வருகிறவர் முந்திப் போக விரும்பினாலும் அந்த இடத்தில் ஒதுங்கி வழிவிட வேண்டும். பெரிய வண்டி, மெதுவாகப் போகிற வண்டி, பின்னால் நீளமாக வரிசை சேர விடக்கூடாது, அடிக்கடி கண்ணாடியைப் பார்த்து, பத்திரமான இடத்தில் ஒதுங்கிவிட வேண்டும் என்று அவர்களுடைய சாலை விதிப் புத்தகத்திலேயே இருக்கிறது. மேட்டில் ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும். அந்த ஒதுங்கும் இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டுப் போட்டோ எடுக்கப் போனால் உள்ளூர்க்காரர்களுக்கு வரும் பாருங்கள் கோபம்!

கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. பாரம் ஏற்றின வண்டிக்குக் காலி வண்டி ஒதுங்கும் என்று பாட்டி சொன்னதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? நாம் வேடிக்கை பார்க்கப் போகிறவர்கள், மெதுவாகப் போகலாம், தப்பில்லை. பின்னால் வருகிறவர் பிரசவ வலியோடு மனைவியை அழைத்துப் போகிறவராக இருக்கலாம், பால் வண்டியாக இருக்கலாம். கொஞ்சம் ஒதுங்கிக் கையைக் காட்டினால் தீர்ந்தது. காது கிழிகிற ஏர் ஹாரனும் வேண்டியதில்லை. பல ராகத்தில் அலறுகிற ஹாரன்களுக்கு நம் சட்டத்தில் இடமே கிடையாது. கட்டியிருக்கிற மாடு அந்தச் சத்தத்தில் முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு ரோட்டுக்குத்தான் ஓடி வரும். ராத்திரியில் எதிரே சைக்கிள் வந்தாலும் விளக்கை 'டிம்' செய்யுங்கள். லாரி வந்தால் மட்டும் மரியாதை கொடுப்பது என்ன நியாயம்?

நிறுத்துகிற விஷயத்திலும் கொஞ்சம் யோசனை வேண்டும். வளைவிலும், பாலத்தின் மேலும், நிழல் இருக்கிறது என்பதற்காகப் பாதி சக்கரம் தாரில் பாதி சக்கரம் மண்ணில் என்றும் நிறுத்தாதீர்கள். முழு வண்டியும் தாரைவிட்டு இறங்க வேண்டும். குழந்தைகளை ரோட்டுப் பக்கக் கதவு வழியாக இறக்காதீர்கள், இடது பக்கமாகவே இறங்கட்டும். ஓடும்போதும், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன் ஸீட்டில் உட்காருகிற வழக்கத்தை விட்டுவிடுங்கள். திடீர் பிரேக் போட்டால் எந்தத் தாயின் கையும் குழந்தையைப் பிடித்து நிறுத்தாது. இரண்டு சக்கர வண்டியில் போகிறவர்களுக்கும் ஒன்று. நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தையை ஏற்றினால், ஓட்டுகிறவரோடு சேர்த்துக் கட்டும் பாதுகாப்புப் பட்டையும் குழந்தைக்கான ஹெல்மெட்டும் வேண்டும், 40 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்று 2023 பிப்ரவரியிலிருந்து விதி இருக்கிறது. எங்கள் தெருவில் யாரும் கேள்விப்பட்டதாகவே தெரியவில்லை!

சாப்பிட்ட இலையை மாடு தின்னும், பரவாயில்லை. இலையோடு சேர்த்து எறிகிற பிளாஸ்டிக் கவரையும் அது தின்றுவிடும். ஒரு முறை உபயோகித்துத் தூக்கியெறியும் பிளாஸ்டிக்கை 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து தமிழ்நாட்டில் தடை செய்தும், வெளி மாநில வண்டிகளில் வந்து இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. குழந்தைகளின் டயப்பரை வேலியில் சொருகிவிட்டுப் போவதை மட்டும் என்னால் பொறுக்கவே முடியவில்லை. ஒரு பையில் கட்டி வண்டியிலேயே வைத்திருந்து, ஊரில் குப்பைத் தொட்டி பார்த்துப் போடக் கூடாதா?

கஷ்டம் எங்களுக்கும் தெரியும். வேனில் வருகிற பெண்களுக்குப் பெரிய பிரச்சினையே ஒதுங்க இடம்தான். ஆண்கள் எங்கேயாவது நின்றுவிடுவார்கள். போன தீபத்துக்கு எங்கள் வாசலில் ஒரு தெலுங்குக்காரப் பெண் வந்து நின்றாள். கையில் மூன்று வயதுக் குழந்தை. "அக்கா, நீள்ளு" என்று சொம்பை நீட்டினாள். தண்ணீர் ஊற்றினேன். போகாமல் தயங்கினாள். விஷயம் புரிந்து, பின்கட்டைக் காட்டினேன். அவள் வந்ததும், வேனிலிருந்து வரிசையாக ஒன்பது பேர்! என் மாமியார் முதலில் முணுமுணுத்தார். அப்புறம் அவரே வாளியில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போய் வைத்தார். போகும்போது எங்கள் வீட்டுக் குழந்தைக்கு ஒரு பொட்டலம் அரிசெலு கொடுத்துவிட்டுப் போனார்கள். நம் அதிரசம்தான், கொஞ்சம் எள்ளு தூக்கலாக. கூச்சப்படாமல் கேளுங்கள். ஆனால் வீட்டில் பெண்கள் இருக்கிறார்களா என்று பார்த்துக் கேளுங்கள். குழந்தைகளை மட்டும் தனியாக அனுப்பாதீர்கள்.

இந்தப் பக்கம் வருகிறவர்கள் செஞ்சிக் கோட்டையையும் பார்த்துவிட்டு வருவது நல்லது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டியர் காலத்துக் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அவற்றில் தமிழ்நாட்டில் இருப்பது செஞ்சி ஒன்றுதான். ராஜகிரியின் மேல் ஏற வேண்டுமானால் வெயில் ஏறுவதற்கு முன் ஏறிவிட வேண்டும். தண்ணீர் கையோடு வேண்டும். குரங்குகள் உண்டு, சாப்பாட்டுப் பையைக் காட்டாதீர்கள். கோட்டை பார்த்துவிட்டு எங்கள் ஊர் வழியாகத் திருவண்ணாமலை போகும்போது நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். காலை எட்டரையிலிருந்து ஒன்பதரை, சாயங்காலம் நாலிலிருந்து ஐந்து, சாலை முழுக்கச் சைக்கிளில் பள்ளிப் பிள்ளைகள். நாலு பேர் கைகோத்துக்கொண்டு பேசிக்கொண்டுதான் போகும், எத்தனை அதட்டினாலும் கேட்காது.

தீபத்துக்கு வேனில் வருவதாக இருந்தால், ஊருக்குள் வண்டியை விட மாட்டார்கள். திருவண்ணாமலைக்கு வரும் ஒவ்வொரு சாலையிலும் வெளியிலேயே தற்காலிக நிறுத்தம் போட்டுவிடுவார்கள். அங்கிருந்து நடைதான், கிரிவலம் 14 கிலோமீட்டர் தனி. ஆயிரம் வேன் ஒரே மாதிரி நிற்கும். உங்கள் வண்டியின் நம்பரையும், டிரைவரின் போன் நம்பரையும் ஒரு சீட்டில் எழுதி, பெரியவர்கள் ஒவ்வொருவரின் இடுப்பிலும் செருகிவிடுங்கள். குழந்தைகளுக்கு சட்டைப்பையில் வைத்து ஊக்கு குத்திவிடுங்கள். மழைக்காலம், பேனா மை கரைந்துவிடும், பென்சிலால் எழுதுங்கள்.